தலைமாட்டு ஆர்க்கிட்

என் செடிக்காரிக்கு,

உன் ஆர்க்கிட்கள் பிழைத்துக்கொள்ளும். பயப்படாதே.

வெளியூர்ப் பயிற்சிக்கு உன்னோடு வந்திருக்கும் உன் மேனேஜர் பரிசாகத் தந்தாரே, அந்த வெள்ளைப்பூச் செடி, அதன் இலையடியில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவிவிட்டது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்ததில் என் முதுகு ஒடிந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். நான் ஆசையாக வாங்கி வந்த செடியை என்ன செய்தாய்? "புதுசா எது வந்தாலும் ஒரு மாசம் தனியாத்தான் இருக்கணும், நோய் இருக்கான்னு பாக்கணும்" என்று பாத்ரூம் ஜன்னலில் வைத்தாய். அங்கேயே கேட்பாரற்று வேர் அழுகிப் போனது. அவர் தந்தது மட்டும் வந்த அன்றே படுக்கையறைக்குள், அதுவும் உன் தலைமாட்டுக்கு, எப்படி வந்தது?

வயிற்றெரிச்சலெல்லாம் இல்லை. சும்மா கேட்டேன்.

அதை இப்போது பாத்ரூமுக்கு மாற்றிவிட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

நாளை அவருடைய காரிலேயே திரும்புவதாகச் சொன்னாய். உன் சட்டப்படி பார்த்தால் உன்னையும் ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், நீ நேராக உள்ளே வா.

அவர் வாசலோடு போகட்டும்.

இலை துடைத்துக் கைவலியோடு,
உன் வீட்டுக்காரன்