முன் பிரேக்கைப் பிடித்த கை

அன்பு மாப்பிள்ளை முத்துவுக்கு,

நீ போய் இரண்டு அறுவடை ஆகிவிட்டது. செய்தி எழுத நானும் படம் எடுக்க நீயும் ஒரே பைக்கில் போய்த் திரும்பிய ஒரத்தநாடு சாலையில், இந்த முறையும் பாதித் தாரை அடைத்து நெல் காய்கிறது. நாம் விழுந்த இடம் வந்தால் பேருந்தில்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உன் செல்வி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். அங்கன்வாடி வேலைக்கு அதே சாலையில்தான் போக வேண்டும். லைசென்ஸ் எடுத்தும் அவளுக்குத் திருப்தி இல்லை. ஞாயிறுதோறும் ஊர்க் களத்தில் நெல்லைப் பரப்பி, அதன்மேல் ஓட்டி நிறுத்திப் பழகுகிறாள். போன வாரம் என்னையும் கூப்பிட்டாள்.

"வேடிக்கை பார்க்கவா கூப்பிட்டேன்? ஏறுங்கண்ணே."

"எனக்கு எதுக்கும்மா? முப்பது வருஷமா ஓட்டுனவன்."

"முப்பது வருஷமும் ஒரே மாதிரிதானே ஓட்டுனீங்க?"

மெதுவாகத்தான் போனேன். சக்கரம் நெல்லில் ஏறியதும், "நிறுத்துங்க!" என்று கத்தினாள். என் வலது கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. முன்சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றித் தப்பித்தேன்.

அருகில் வந்தவள் என் விரல்களையே பார்த்தாள். அவை இன்னும் பிடியை விடவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

முத்து, அன்று எதிரே பேருந்து வந்தது. நம் பக்கம் நெல் கிடப்பது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. வேகத்தைக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. நெல்மேல் ஏறிய பிறகு இப்படித்தான் பிடித்தேன். மறுநாள், சாலையில் உலர்த்திய நெல்லால் விபத்து, ஒருவர் பலி என்று எழுதினேன். நெல்லுக்குரியவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். என் கையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. பின்னால் இருந்த நீ பார்த்தாயா?

"ஆமாம்மா" என்றேன்.

செல்வி சிதறிய நெல்லைக் காலால் கூட்டிப் பரப்பினாள்.

"பேப்பர்ல போட்டது நீங்க. மாத்திப் போடுறதும் நீங்கதான்."

"போடுறேன்."

"வண்டியைத் திருப்புங்க. முதல்ல ஆக்சிலேட்டரை விடணும். இடது கையில பின் பிரேக், மெதுவா. அப்புறம்தான் வலது, அதுவும் லேசா."

பதினோரு முறை நிறுத்தினேன். நான்கு முறை கை பழையபடியே போனது. கிளம்பும்போது, "வீடு வரைக்கும் நான் ஓட்டட்டுமா, பின்னால உட்கார்றியா?" என்று கேட்டேன். "நீங்க ஓட்டியா? வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தே போயிக்கிறேன்" என்றாள். சிரிக்கவில்லை.

அந்தச் செய்திக்கான திருத்தம் இந்தக் கடிதம்தான். நம் பேப்பரில் அச்சானதும் முதல் பிரதியை அந்த நெல்லுக்காரர் கையில் கொடுப்பேன். அவர் திட்டினால் நின்று கேட்பேன். ஞாயிறுதோறும் களத்துக்குப் போவேன். செல்வி சரி என்று சொல்லும்வரை யாரையும் பின்னால் ஏற்ற மாட்டேன்.

உன்னை ஏற்றிவந்த மச்சான்,
ராமலிங்கம்