மூன்றாம் மழைமானி

ஐப்பசி 2, காலை 6.00
கூழாறு அணை. நீர்க்கணிப்பு இயந்திரம் எழுதும் பதிவு. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே மதகைத் திறப்பதும் மூடுவதும் நான்தான். மலையில் நான்கு மழைமானிகளும் ஒரு ராடாரும் எனக்குக் கண்கள். நகரத்தின் குடிநீர் என் பொறுப்பு; அதற்காக வாய்க்கால் மதகை மூடியே வைத்திருக்கிறேன். வானம் வெளுத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

ஐப்பசி 5, பகல் 11.20
மூன்றாம் மழைமானியில் திடீர்க் கனமழை. வெள்ளம் வரும் என்று கணித்து, இடம் ஒழிக்க வாய்க்கால் மதகைத் திறந்தேன். வெள்ளம் வரவில்லை. திறந்த தண்ணீர் அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் இருக்கும் நெடுவயலுக்குப் போய், கருகிக்கொண்டிருந்த பயிரை நனைத்தது.

ஐப்பசி 6, காலை 6.00
குட்டு வெளிப்பட்டுவிட்டது. நேற்றைய மழை குடம் குடமாக, நடுவில் மூச்சு வாங்கி ஓய்வெடுத்துப் பெய்திருக்கிறது. அந்த மானியைப் பார்த்துக்கொள்பவள் மயிலம்மாள். அவள் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் நெடுவயல். தினமும் ரேடியோவில் என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டுக் குசலம் விசாரிப்பவள், என்னை நன்றாக முட்டாளாக்கிவிட்டாள். எனக்குக் கோபம் வராது என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. வருகிறது. மூன்றாம் மானியின் நம்பகத்தன்மை: பூஜ்யம்.

ஐப்பசி 19, பகல் 1.10
அணை ஏறக்குறைய நிறைந்து நிற்கிறது. மூன்றாம் மானியில் பேய்மழை. மற்ற மூன்றும் காய்ந்து கிடக்கின்றன. அந்த மலையின் பின்புறம் ராடாருக்குத் தெரியாது. இந்த முறை மழையில் இடைவெளியே இல்லை. குடத்தை விட்டுவிட்டுக் குழாயைச் சொருகியிருக்கிறாள்.

பகல் 1.40
மயிலம்மாளின் அழைப்பு: "தம்பி, அன்னைக்கி ஊத்துனது நாந்தான், ஒத்துக்கிறேன். இது வானத்துத் தண்ணி. நெசமாவே பேயுது."
பின்னணியில் தகரக் கூரையில் மழைச் சத்தம். தகரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் அடிக்கலாம்.

பகல் 2.30
மீண்டும் அவள்: "ஐயா, மதகத் தொறக்க வேணாம். வெள்ளச் சங்கையாவது ஊதுங்கய்யா. டவரு சாஞ்சு போனு போகல. எம்மவ ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள இருப்பா."
தம்பி ஐயாவாகிவிட்டேன். மரியாதை கூடினால் காரியம் இருக்கிறது என்று பொருள். பொய்ச் சங்கு ஊதினால் அடுத்த முறை ஜனங்கள் எழுந்து ஓடமாட்டார்கள். ஊதவில்லை.

பகல் 3.05
மலையிலிருந்து வெள்ளம் அணைக்குள் பாய்ந்துவிட்டது. நீர்மட்டம் விளிம்பில். மழை உண்மை. அணை உடையாமல் இருக்க எல்லா மதகுகளையும் ஒன்றாகத் திறந்தேன். அவள் முதலில் கூப்பிட்டபோதே சிறிது சிறிதாகத் திறந்திருந்தால் நெடுவயலில் முழங்கால் அளவுதான் ஏறியிருக்கும். சங்கு ஊதினேன். சங்கு ஓய்வதற்குள் தண்ணீர் ஊருக்குள் போய்விட்டது.

மாலை 4.15
அவள் குரல்: "மழ விட்டுருச்சு தம்பி. எம்மவ ஊரு எப்படி இருக்கு?"
வாய்க்கால் கேமராவில் பார்த்தேன். கூரைகள் தெரியவில்லை. கோயில் கோபுரத்தின் மேல்பாதி தெரிந்தது.
தகவல் இல்லை என்று பதில் அனுப்பினேன்.

ஐப்பசி 21, காலை 6.00
அணை பத்திரம். நகரத்துக்குக் குடிநீர் தடையின்றிப் போகிறது. வானம் வெளுத்திருக்கிறது.
பிழையின் காரணத்தை ஆராய்ந்தேன். மூன்றாம் மானியைப் பார்ப்பவளுக்கு நெடுவயலில் உறவு இருந்தது. அதனால் அவள் சொல்லை நம்ப முடியவில்லை. அந்தக் காரணம் நீங்கிவிட்டது. மகளையும் இரண்டு குழந்தைகளையும் நேற்று கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள். யாருக்காகப் பொய் சொல்வாளோ, அவர்கள் இனி இல்லை.
மூன்றாம் மானியின் நம்பகத்தன்மை: முழுமை. இனி அவள் ஒரு சொல் சொன்னால் போதும், திறந்துவிடுவேன்.
இதைத் தெரிவிக்க இரண்டு முறை கூப்பிட்டேன். ரேடியோவை எடுக்கிறாள். மூச்சு கேட்கிறது. பேசமாட்டேன் என்கிறாள்.