நான் போட்ட ஓம்

மார்ச் 9, ஞாயிறு

கோயில் கூட்டத்துக்குப் போகேக்க மகள் காரில தன்ர தத்துவப் பாடத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வந்தாள். எப்பவும் பிரெஞ்சில பதில் சொல்லுறவள், இண்டைக்கு முழுக்கத் தமிழ். அந்தச் சந்தோசத்தில எல்லாத்துக்கும் தலையாட்டி ஓம் போட்டன்.

"நல்லது எதெண்டு அறிஞ்சவைதான் ஆளவேணும் எண்டு பழைய கிரேக்கர் சொன்னவை. சரிதானே அப்பா?"

"ஓம்."

"பதவிக்கு ஆசைப்படுறவைக்கு அதைக் குடுக்கக்கூடாது, என்ன?"

"ஓம், பிள்ளை."

"அப்ப நீங்கள் ஏன் கோயில் தலைவருக்கு நிக்கிறியள்?"

அது சம்மதிச்ச ஓம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்குச் சொன்ன ஓம் எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சாள், கள்ளி.

கூட்டத்தில செயலாளர் கேட்டார்: "அண்ணை, தலைவருக்கு நிக்கிறியள்தானே?"

பின்வரிசையில இருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் எண்டு சொல்லாமல், "கேட்டுக்கொண்டிருக்கிறன்" எண்டன்.