மாரடைப்பு என்று எழுதச் சொன்ன அண்ணனுக்கு

மேலக்கண்மாய்பட்டி,
மதுரை மாவட்டம்.

அண்ணனுக்கு,

தங்கை தமிழ்வாணி எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் நம் அப்பா சொல்லிக்கொடுத்தார். உங்கள் நலத்தை அறியும் ஆவல் எனக்கு இப்போது இல்லை. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பதிவுத் தபாலில், அதுவும் சென்னை ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

போஸ்டரைப் பார்த்துக் கொதித்துப்போய் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நீங்கள் கொதிக்க வேண்டும் என்றுதான் ஒட்டினேன்.

போன வருஷம் என் புருஷனை, உங்கள் மைத்துனரை, வாசலில் கிடத்தியிருந்தபோது, என்னை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கூப்பிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “தமிழு, மாரடைப்புன்னே பதிஞ்சிருவோம்த்தா. புத்துநோய்னு தெரிஞ்சா ரத்தத்துலயே ஓடுதும்பாய்ங்க. அஸ்வினி நாளைக்கு என் வீட்டுக்கு வரப்போற புள்ள, அதையும் பாக்கணும்ல.” இரைப்பையில் கட்டி வந்து, பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டி, கடைசியில் கஞ்சித்தண்ணி கூட இறங்காமல் போன மனிதருக்கு மாரடைப்பு! தாய்மாமன் சொல்கிறார், அவர் மகன் விக்ரமுக்குத்தானே என் பெண்ணைக் கொடுக்கப்போகிறோம் என்று நானும் தலையாட்டினேன்.

நம் ஊரில் இது புதிது இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். வயசுப்பெண் இருக்கிற வீட்டில் அந்த நோயில் யாரும் சாவதே கிடையாது. சின்னானின் பெண்டாட்டிக்கு மஞ்சள்காமாலை. தங்கப்பொண்ணு மாமியாருக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் ‘வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று சொன்னதும் கூட்டிவந்து, இங்கேயே முடிந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதிந்துவிடுவோம்.

இதெல்லாம் தெரிந்த நீங்கள்தான், நம் ஊர் எல்லையில் இருக்கும் உங்கள் கம்பெனி ஆலையை விரிவாக்குவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கம்பெனி சார்பாக மேடை ஏறினீர்கள். ஆலையால் நோய் வரவில்லை என்று காட்ட, இந்தியாவில் லட்சம் பேருக்கு வருஷத்தில் அறுபதுக்கு மேல் புற்றுநோய்ச் சாவு, இந்த வட்டாரத்தில் அதில் கால்வாசிகூட இல்லை, அதுவும் பத்து வருஷமாகக் குறைந்துகொண்டே வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டினீர்கள். நாட்டுக் கணக்கு டாக்டர்கள் சோதித்து எழுதியதை வைத்துப் போட்டது. ஊர்க் கணக்கு பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் சொன்ன பொய்யை வைத்துப் போட்டது. ஒன்று படியால் அளந்தது, இன்னொன்று கண்ணால் மதித்தது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என் பிள்ளைகளுக்குக்கூட முட்டை மார்க்தான் போடுவேன். கோடு ஏன் இறங்குகிறது தெரியுமா? பிள்ளைகள் படித்து, வெளியூரில் சம்பந்தம் தேட ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் இன்னும் அதிகமாக மறைக்கிறோம்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? பொய் எங்கள் வீடுகளில் இருந்துதானே போயிருந்தது. நீங்கள் எங்கள் மௌனத்தை நம்பித்தான் அந்த மேடையில் ஏறினீர்கள். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றுப்பானையைத் தூக்கி முற்றத்தில் வீசினேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கூட்டம் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, திருநகரில் விக்ரமுக்குப் பெண் பார்த்துவிட்டீர்கள். ஏன் தங்கச்சி மகளை விட்டீர்கள் என்று கேட்ட தரகரிடம், “அப்பனுக்கு அந்த நோய் இருந்துச்சேப்பா, எப்பிடித் துணிஞ்சு எடுக்கிறது?” என்றீர்களாம். மேடையில் என் புருஷனுக்கு மாரடைப்பு, சம்பந்தம் பேசுகிற இடத்தில் புற்றுநோயா? ஒரு சாவை இரண்டு விதமாகத் தின்றிருக்கிறீர்கள் அண்ணே. அன்றைக்குத்தான் உங்களைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வருஷத் திதி வந்தது. மதுரை சிம்மக்கல்லில் போஸ்டர் அச்சடிக்கக் கொடுத்தேன். ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. புற்றுநோயால் எங்களை விட்டுப் பிரிந்த அ. அழகுராஜா.’ அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கேட்டார், அந்த வார்த்தை வேண்டுமா என்று. வேண்டும், சிவப்பில் வேண்டும் என்றேன். நம் பக்கத்து வழக்கப்படி கீழே துயரத்தோடு இருக்கிறவர்கள் பெயர். மனைவி, மகள், அப்புறம் மைத்துனர். மைத்துனரை விட்டால் ஊர் சிரிக்காதா? செல்வக்குமார், எம்.எஸ்சி., பொது மேலாளர், சுகாதாரப் பிரிவு, கம்பெனி பெயர், உங்கள் கோட்டு சூட்டுப் படம். வடிவமைத்தது அஸ்வினி. உங்கள் பெயரை அவள் அப்பா பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டவளும் அவள்தான். ஊர் முழுக்க ஒட்டினோம். ஆலை வாசலில் ஒட்டினோம். உங்கள் புதுச் சம்பந்தி தெருமுனையிலும் மறக்கவில்லை.

இப்போது கம்பெனியின் சுகாதார அதிகாரியே தன் மைத்துனர் புற்றுநோயில் செத்தார் என்று சுவரில் சொல்கிறார். பொய் என்றால் மறுத்து ஒரு போஸ்டர் அடியுங்கள். மாரடைப்பு என்று போட்டு, உங்கள் பெயரையும் போட்டு ஒட்டுங்கள். நான் பசை காய்ச்சித் தருகிறேன்.

ஒட்டிய மறுநாள் சின்னான் வீட்டுக்கு வந்தார். “டீச்சர், எம் பொண்டாட்டிக்கும் ஒன்னு அடிக்கணும். உள்ளத உள்ளபடி போடுங்க” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வந்தார்கள். ஊர்ச் சுவரெல்லாம் இப்போது உண்மையான சாவுகள். எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தோம். வீடு வீடாக விசாரித்து, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் புதுக்கணக்கு எடுக்க உத்தரவாகியிருக்கிறது. திங்கட்கிழமை வருகிறார்கள். அதுவரை ஆலை விரிவாக்கம் நிற்கும். உங்கள் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று அப்புறம் பார்ப்போம்.

இத்தோடு முடித்திருப்பேன். நேற்று மத்தியானம் மதினி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். யாரோ அனுப்பிய போஸ்டர் படத்தைப் பார்த்திருக்கிறார். “அந்த வார்த்தைய அச்சுல பாத்தப்பெறகுதான் எனக்கு வாயே வந்துச்சு தமிழு” என்று அழுதார். பொங்கலிலிருந்து இடது மார்பில் கட்டி. உங்களிடம் காட்டியதற்கு, “விக்ரம் கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாத” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களை என்ன செய்தாலும் தகும். ஆனால் அந்த அம்மா என்ன பாவம் செய்தார்? அது வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்? இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், என்மேல் வழக்குப் போடுங்கள், ஆனால் இன்றைக்கே மதினியை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமைக்குள் போகவில்லை என்றால் நான் ரயிலேறி வாரேன். உங்கள் வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் காரணத்தைச் சொல்லித்தான் அழைத்துப்போவேன்.

மதினியை மீனாட்சி அம்மன் காப்பாற்றட்டும். உங்களுக்காக அவளிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அழகுராஜாவின் மனைவி
தமிழ்வாணி