உன் தூண்டிலில் விழுந்த மீன்

அன்பு மகளுக்கு,

உன் காபி பிளாஸ்க் என் வண்டியிலேயே கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நவுசெட் கரையில் இன்று அலை அடங்கிவிட்டது. நேற்று விடியலில் உனக்கு மாட்டியதைப் போன்ற வரிமீனை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. வாலே மண்வெட்டி அகலம் இருந்தது. நீ பதமாகத்தான் இழுத்தாய். அலை பின்வாங்கும்போது நூலை விட்டாய், அடுத்த அலை மீனைக் கரைக்குத் தள்ளும்போது சுற்றினாய்.

மாட்டியவர்தான் கரையேற்ற வேண்டும், அடுத்தவர் தூண்டில் கோலைத் தொடக்கூடாது. இங்கே குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். "விடுப்பா! என் மீன்ப்பா!" என்று நீ கத்தக் கத்த, கோலைப் பிடுங்கினேன். நூல் சுற்றும் ரீலை இறுக்கினேன். அலை பின்வாங்கியது, நூல் அறுந்தது.

இன்று தூண்டில் கடைக்காரன் வெண்டல், "என்னய்யா, பொண்ணு பெரிய மீனைக் கோட்டை விட்டுட்டாளாமே? அந்தக் கோலு அவளுக்குக் கனம்தான்" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், மகளே.

வண்டிவரை போனவன் திரும்பி வந்து, "பிடுங்கினதும் நான்தான், அறுத்ததும் நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "பெத்த பொண்ணு கோலையா தொட்ட?" என்று கேட்டுவிட்டு, வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞாயிறு விடியலில் அதே கரையில் இருப்பேன். என் கோலைக் கொண்டுவரமாட்டேன். நீ வந்தால், இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

உன் அப்பா