பட்டினி தாங்காத பிள்ளைகள்

என் செல்லக் கண்ணு நிவிக்கு,

உன் நைனா எழுதுகிறேன். நீ போய் நான்கு வருடம் ஆகிறது. உனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பெயர் கவின். அவனைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் விசைப்படகில், கடலில் இருந்தேன். நீ எதுவும் சாப்பிடவில்லை. தூங்கினால் சரியாகிவிடும் என்று அம்மா உன்னைத் தூங்கவிட்டாள். காலையில் எழுப்பியபோது நீ கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் நீ இல்லை. கரைக்கு வந்த நான், ராயபுரத்துச் சொந்தபந்தமெல்லாம் நிற்க, "ஒரு கொயந்தய பாத்துக்கத் துப்பில்லியாடி ஒனக்கு?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். வயிறு காலியாக இருக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்குமாம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிற வேலை அது. அதற்கு வேண்டிய ஒரு நொதி உனக்குச் சரியாக அமையவில்லை. அதனால்தான் பட்டினியில் இருந்த சர்க்கரையெல்லாம் செலவாகி, உன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனது.

"இது யார் தப்பும் இல்லைங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த மரபணுவுல ஒன்னு நல்லா இருக்கு, ஒன்னு பழுது. குழந்தைக்குப் பழுதானது ரெண்டும் வந்துடுச்சு. அடுத்த குழந்தைக்கும் வரலாம். பிறந்ததுமே டெஸ்ட் பண்ணிடுங்க."

பாதி என்னிடமிருந்து வந்தது, நிவி. வெளியே பஸ் நிறுத்தத்தில், "நா பேசுனது தப்பு, செல்வி" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இத முன்னாடியே சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லியா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

தம்பி பிறந்ததும் பரிசோதித்தோம். அவனுக்கும் அதே குறைதான். ஆனால் இந்த முறை எங்களுக்குத் தெரியும். நேரம் தவறாமல் ஊட்டுகிறோம். சாப்பாடு தங்காவிட்டால் உடனே குளுகோஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதம் எப்போதும் அம்மாவின் பையில் இருக்கிறது.

போன வாரம் காலையில் அவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். பால்கூட நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர், "குழந்தை நல்லாத்தானே இருக்கான், வெளிய வெயிட் பண்ணுங்க" என்றார். அம்மா நகரவே இல்லை.

"நல்லா கீற மாதிரிதான் சார் தெரியும். இவங்க அக்காவும் இப்டித்தான் இருந்துச்சு, தூங்குச்சு. எய்ந்திரிக்கவே இல்ல. இந்த லெட்டர படிங்க. மொதல்ல குளுகோஸ் ஏத்துங்க."

அவர் படித்தார். உடனே குளுகோஸ் ஏற்றினார். சாயங்காலம் உன் தம்பி இட்லி கேட்டு அழுதான். அவனைவிடச் சத்தமாக அம்மா அழுதாள்.

வருகிற மாதம் அவனுக்கு இரண்டே முக்கால் வயது. நீ நின்றுபோன வயது. அதைத் தாண்டி அவனைக் கூட்டிப்போவோம், நிவி. உன்னைவிட உயரமாக வளர்ந்து நிற்கும்போதும் உன் படத்தைப் பார்த்து அவன் அக்கா என்றுதான் சொல்வான். அதற்கு நான் பொறுப்பு.

உன்னையும் அவனையும் பெற்ற
நைனா