முன் சீட்டைத் தொடாதே

மார்ச் 4, செவ்வாய்

வாசலில் இன்று இரண்டு கார்கள். ஒன்று மலை, ஒன்று செருப்பு. மலை என்பது ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. செருப்பு, கூரையை மடித்துவிட்டு ஓட்டும் இரண்டு சீட் ரோட்ஸ்டர். எதில் எவ்வளவு இடம், எதில் எவ்வளவு சுகம் என்று ஒப்பிட்டு இவர் தன் கார்ப் பத்திரிகையில் எழுத வேண்டுமாம்.

"யானையையும் எலியையும் ஒரே தராசுல வச்ச மாதிரி இருக்கே" என்றேன்.

"உனக்குப் புரியாது."

மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி மறுபடி சொன்னேன். வெள்ளிக்கிழமை ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்கள், துணைக்கு ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டேன். "இந்த இதழ் முடியட்டும், பாக்கலாம்" என்றார். கட்டி என்ன, இதழ் முடியக் காத்திருக்குமா?

மார்ச் 5

இன்று என்னை அளந்த நாள். எந்த வண்டி வந்தாலும் இதே சடங்குதான். முதலில் டிரைவர் சீட்டைத் தன் காலுக்குத் தோதாகத் தள்ளி வைப்பார். அதன் பிறகு அதை யாரும் தொடக்கூடாது. பின்னால் போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று டேப் பிடிப்பார். தனக்குப் பின்னால் தானே உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் நியாயமான அளவாம்.

இடுக்கில் உட்கார மட்டும் நான். 'நடுத்தர உயரமுள்ள பயணி' என்று அவர் கட்டுரைகளில் எல்லாம் வருகிறவள் நானேதான். மலையின் மூன்றாம் வரிசையில் ஏறி, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"எங்க? முதுகா, தொடையா?"

"மார்புல."

"பெல்ட் உறுத்துதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கு மட்டும் சரி என்று எழுதப் போகிறார். எங்களுக்கு அதற்கும் வழியில்லை.

மார்ச் 6

இன்று செருப்பு. ஏறுவது என்று சொல்ல முடியாது, கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். உள்ளே கைப்பை வைக்க இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டே வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் பட்டதில்லை. வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். காற்றில் போய்விட்டது. கத்தினேன். வண்டியை ஓரம் கட்டிக் கூரையை மூடினார். பேசத்தான் மூடுகிறார் என்று நினைத்தேன் — பைத்தியக்காரி.

"கூரை திறந்திருந்தா பேசுறது கேக்கல. இதை எழுதணும்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

படம் எடுக்க வேண்டும் என்று காலையிலேயே ரோட்ஸ்டரில் போய்விட்டார். அக்கா வெளியூர் போயிருந்தாள். வாடகை வண்டிக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே நேரத்தைக் கடத்தினார். ஆணியில் மலையின் சாவி தொங்கியது. எடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்தால்தான் எனக்குப் பிரேக் எட்டும். இழுத்தேன்.

ஊசி வலித்தது. "கூட யாரும்மா வந்திருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது அதைவிட வலித்தது. கட்டுப் போட்ட பின் ஒற்றைக் கையால் பிடித்து அந்த உயரத்துக்கு ஏறி, உட்கார்ந்து அழுதேன். ஏழு சீட். ஆறு காலி.

மார்ச் 8

காலையில், பாக்கி இருந்த மலையின் நடு வரிசையை அளந்தார். குஷி தாங்கவில்லை. "காலை நீட்டிப் படுக்கலாம் போலிருக்கே!" முன் சீட் என் காலுக்கு இழுத்தபடியே இருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நேற்று எங்கே போனாய், தோளை ஏன் சாய்த்து நடக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 12

ரிசல்ட் வரவில்லை. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டேன். "இப்பத்தாம்மா எல்லாம் தெரியுது" என்றார். வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போகலாமா என்று தோன்றியது.

மார்ச் 14

கெட்ட கட்டி இல்லை. சாதாரணக் கட்டிதான். டாக்டர் சொன்னதும் அக்காவைத்தான் கூப்பிட்டேன். போனில் ஓவென்று அழுதாள். "அவர்கிட்ட சொன்னியா?" என்றாள். கேட்டால் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 15

கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இதழ் வந்துவிட்டது. அந்த வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் எல்லாம் டேப் பிடித்துப் பார்த்து, நடு வரிசையில் நீங்கள் எழுதின இடம் இல்லவே இல்லை, முழங்காலைக் கழற்றி வைத்துவிட்டா அளந்தீர்கள் என்று கிழிகிழியென்று கிழித்திருக்கிறார்கள். ஆசிரியரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நீ சீட்டைத் தொட்டியா?"

"ஆமா."

"ஏன் தொட்ட? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! என் மானமே போச்சு!"

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். கட்டிக்கு ஊசி போட."

முகம் மாறியது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நின்றேன்.

"வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சீட்டைப் பழையபடி தள்ளி வச்சிருப்பேன்ல?"

அவ்ளோதான். அவ்ளோதான் கேட்டாரு. நான் செத்தேனா பொழைச்சேனான்னு கேக்கலையே, பாவி மனுஷன்! நின்னுக்கிட்டே இருந்தேன். பரணிலிருந்து துணிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். எதற்கு என்று அதையும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

இப்போது நான் இருக்கும் அக்கா வீட்டு மாடியிலிருந்து கடைக்குப் போய்வர பழைய சின்னக் கார் ஒன்று பார்க்கப் போனேன். விற்கிறவர் பின் கதவைத் திறந்துவிட்டார். "சின்ன வண்டின்னு நினைக்காதீங்கம்மா. பின்னாடி உக்காந்து பாருங்க, நல்லா இடம் இருக்கு."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரரிடமிருந்து போன். கோபம் எல்லாம் ஆறிவிட்ட குரல். "எப்ப வர்ற? புதுசா ஒரு வண்டி வந்திருக்கு. மூணாவது வரிசையில உக்கார ஆள் இல்ல."

வைத்துவிட்டேன்.

"பின்னாடி வேண்டாங்க" என்று விற்கிறவரிடம் சொல்லி, முன் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சீட்டை எவ்வளவு வருமோ அவ்வளவு முன்னால் இழுத்தேன். கால் எட்டியது.